ஒப்புக்கு வைத்த சீசா

காவல்துறை நாய்ப்பிரிவின் பின்பக்கத்தில், குளியலறைக்கும் பழைய டயர்கள் கிடக்கும் கொட்டகைக்கும் நடுவே வாசனைக் காப்பறை என்று ஓர் அறை உண்டு. உள்ளே இரும்பு அலமாரிகளில் நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிச் சீசாக்கள். ஒவ்வொரு சீசாவிலும் மடித்து வைத்த, காயத்துக்குக் கட்டும் வெள்ளைக் காஸ் துணி ஒன்று. ஒவ்வொரு துணியிலும் யாரோ ஒருவருடைய உடம்பு வாடை. இத்தனைக்கும் காவல் ஒரே ஒருவர்தான். எதிரில் அவரைச் சீசா சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சார் உதிர்ந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்பு தன் வேலையை 'ஆவணக் காப்பாளர்' என்று சொல்லியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். "ஊரார் அக்குள் நாத்தத்தை பாட்டில்ல அடைச்சு, தேதி போட்டு, பத்திரமா வெக்கிறாரு" என்று மனைவி விசாரிப்பவர்களிடம் சொல்லும்போது, "நாத்தம் இல்ல, வாடை" என்று மட்டும் திருத்துவார். மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் திருத்த வேறொன்றும் அகப்படாது.

அவருக்கு மூக்கு அப்படியொன்றும் கூர்மை இல்லை. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்ன பிறகுதான் தெரியும். மூக்கில் இல்லாததை ஒழுங்கில் ஈடுகட்டிவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். காப்பறைக் கதவில் தன் உருண்டைக் கையெழுத்தில் முப்பத்தோரு விதிகள் எழுதி ஒட்டியிருந்தார். இடுக்கியால்தான் துணியைத் தொட வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது, வாடை பறந்துவிடும். சம்பவ இடத்துப் பொருள் பிளாஸ்டிக் பையில் வந்தால் உடனே வெளியே எடுத்து, தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். இப்படிப் போகும். அவருக்கு மிகவும் பிடித்தது பதினொன்றாம் விதி: 'வாடை கொடுப்பவர் துணியைக் கையில் பிடித்திருக்கும் பத்து நிமிடமும் காப்பாளர் அறைக்குள் இருக்கலாகாது, காப்பாளரின் வாடையும் கலந்துவிடும்.' இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்று அவர் தனக்குத்தானே ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு துண்டு வந்தது. ஊரின் பெரிய பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூட ஜன்னலை உடைத்து இரண்டு மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடியை உடைத்தவன் கையில் சுற்றியிருந்த துண்டு, நீலக் கோடு போட்டது, ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. பள்ளி வாட்ச்மேன் அப்போது சாப்பிடப் போயிருந்தாராம். தலைமையாசிரியர் அதை நம்பவில்லை. பதினேழு வருஷமாக வாசல் கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருக்கும் மனிதரை, வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாய் அவரைக் காட்டினால் ஜெயில், காட்டாவிட்டால் வேலையும் அறையும் தங்கும். விஷயம் அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். சுருக்கமாகப் பேசுகிறவர். "புதன்கிழமை வரிசை வெச்சிடுங்க" என்று பிளாஸ்டிக் பையில் இருந்த துண்டைக் காப்பறை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வரிசை என்பது இதுதான். ஏழு சீசாக்களைத் திறந்து தரையில் வரிசையாக வைப்பார்கள். ஒன்றில் சந்தேகப்பட்டவருடைய வாடை. மற்ற ஆறும் சம்பந்தமே இல்லாத ஆட்களுடையவை. அலுவலகத்தில் அவர்களுக்குப் பெயர் ஒப்புக்குச் சப்பாணிகள். துண்டிலிருந்து எடுத்த வாடையை நாய்க்கு முகரக் கொடுத்து விட்டால், அது வரிசையில் நடந்து அதே வாடை உள்ள சீசாவின் முன்னால் உட்காரும். எந்த எண் யாருடையது என்பது நாயைப் பிடித்திருப்பவருக்கும் தெரியாது, இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. சீசா சார் மட்டுமே பட்டியல் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைப்பார். நாய்க்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கொடுத்து, வரிசையைக் கலைத்து இன்னொரு முறை பார்த்த பிறகே உறையைப் பிரிப்பார்கள்.

கஷ்டம் எதில் என்றால், ஒப்புக்கு ஆள் பிடிப்பதில். "ஒரு பத்து நிமிஷம், ஒரு துணியப் புடிச்சிக்கிட்டு உக்காரணும்" என்று கேட்டாலே ஆட்களுக்குத் திடீரென்று அவசர ஜோலி வந்துவிடுகிறது. எதிர்த்த டீக்கடைக்காரர், "நாளைக்கு எவனாவது எதையாவது ஆட்டயப் போட்டா என் பாட்டில எடுத்து நாய்க்குக் காட்டிடுவீங்க, நான் மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பழைய சீசாக்களில் வழக்கில் மாட்டியவர்களுடையதும் வாடை மங்கிப்போனதும் போக ஐந்துதான் தேறியது. ஆறாவதற்கு ஆளில்லை. 'ஒப்புக்கு வைப்பவர் ஊழியர்களின் உறவினராக இருத்தல் கூடாது' என்று இருபத்திரண்டாம் விதி ஒன்று இருந்தது. எழுதிய கை தன்னுடையது என்பதால், கொஞ்சம் வளைக்கும் உரிமையும் தனக்கு உண்டு என்று சீசா சார் அன்றைக்கு முடிவு செய்தார்.

வீட்டில் மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி. வேலை தேட வந்தவன், இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று பையை இறக்கி வைத்து எட்டு மாதம் ஆகிறது. நல்ல ஆகிருதி. உட்கார்ந்து சாப்பிட்டாலே வேர்த்துக் கொட்டும். இந்த வீட்டுக்கு இவனால் ஆகக்கூடிய உபயோகம் இதுதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை அவனைக் கூட்டிப்போய்க் காப்பறையில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் துணியைக் கொடுத்தார். பதினொன்றாம் விதிப்படி தான் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கடிகாரத்தைப் பார்த்தபடி சரியாகப் பத்து நிமிடம் நின்றார்.

அதன்பிறகு தட்டில் ஆறிக்கிடந்த துண்டின் மேல் காஸ் துணியைப் போர்த்தி வாடை எடுத்தார். துண்டு லேசாக ஈரமாக இருந்தது. பதிவேட்டில், 'பொருள் ஈரப்பதத்துடன் நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு வரிசை. நாய்க்குப் பெயர் மகாராணி. பிடித்திருந்த நாய்க்காரர் அதைப் பொண்ணு என்றே கூப்பிடுவார். பொண்ணு துணியை முகர்ந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று கல்யாண வீட்டில் விருந்தாளிகளை விசாரிப்பதுபோல் நடந்தது, நான்காம் சீசாவில் மூக்கை வைத்தது, உட்கார்ந்துவிட்டது. ஆறாம் சீசா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறுதான் வாட்ச்மேன்.

நான்கு மச்சினன்.

"சந்தேகமே இல்லாம உக்காந்துட்டா பாருங்க" என்றார் நாய்க்காரர்.

"மத்தியானம் ரெண்டாவது தடவை பாத்துட்டு உறையப் பிரிப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர். "சீசா சார், ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஃபேன் இல்லையே மேடம்."

"உங்க விதிதானே அது?"

முதலில், எண்ணைத் தப்பாகக் குறித்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டார். வெட்கத்தோடு சொல்ல வேண்டியது அடுத்து வந்ததைத்தான்: உள்ளூர ஒரு சந்தோஷம். எட்டு மாதமாக மனைவியிடம் ஜாடைமாடையாகச் சொல்லியும் எடுபடாததை, நாலு காலில் ஒரு ஜீவன் வந்து அரசாங்கச் செலவில் நிரூபித்துவிட்டது. வீட்டில் குடை காணாமல் போனது. நகவெட்டி காணாமல் போனது. குடையிலிருந்து மைக்ராஸ்கோப்புக்கு எவ்வளவு தூரம்? மனசுக்குள் ஒரு பட்டியலே போட்டுவிட்டார். திருட்டுப்பொருளை வீட்டில் வைத்திருந்ததற்காகத் தன்னையும் பிடிப்பார்களோ என்பது நாலாவதாகத்தான் உறைத்தது.

வெளியே நடைபாதை பெஞ்சில் வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"சார், நாய் என்னச் சொல்லிடுச்சா?"

"இன்னும் ஒரு தடவை பாக்கணும். அதுவரைக்கும் எதுவும் சொல்லக் கூடாது. விதி" என்று சொல்லிவிட்டு, சீசா சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

மச்சினன் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மனைவி பக்கத்தில் நின்று திருகுசாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

அவர் அந்தக் கால்களைப் பார்த்துக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ எங்க இருந்த?"

கால்கள் யோசித்தன. "ஞாயித்துக்கிழமையா மாமா? உங்க பீரோவ நகத்திக்கிட்டு இருந்தேன். நீங்க நாற்காலியில உக்காந்துகிட்டு 'இடது பக்கம், இன்னும் இடது பக்கம்'னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. சைக்கிளில் வந்த வேகத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். பீரோ சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, தரைக்கு நேர்மட்டமாக நிற்க வேண்டும் என்று மத்தியானம் முழுக்க அவனை உயிரெடுத்தவர் அவரே. இந்தக் குற்றவாளிக்குச் சாட்சி வேண்டுமென்றால் கூண்டில் ஏற வேண்டியதும் அவரே.

"அப்ப அந்தத் துண்டுல உன் வாடை எப்படி வந்துச்சு?" என்றார், சுருதி இறங்கிப்போய்.

மச்சினன் தொட்டியடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் வேர்வை. "எந்தத் துண்டு? நீங்க எனக்கு எடுத்து வெச்சிருந்தீங்களே, நீலக் கோடு போட்டது, அதையா சொல்றீங்க?"

"நானா? உனக்கா?"

"மேசை மேல தட்டுல வெச்சிருந்தீங்களே மாமா. ஃபேனும் இல்ல, ஜன்னலும் இல்ல, எனக்கு ஊத்துது. நீங்களும் கதவச் சாத்திட்டுப் போயிட்டீங்க. சரி, இவன் வேர்ப்பான்னு தெரிஞ்சு மாமா துண்டு வெச்சிட்டுப் போயிருக்காருன்னு..." அவன் அசடு வழியச் சிரித்தான். "மூஞ்சி, கழுத்து எல்லாம் தொடச்சிட்டு, திரும்ப மடிச்சு அப்படியே வெச்சிட்டேன். நேத்தே அக்காகிட்டக்கூடச் சொன்னேன். எட்டு மாசத்துல மாமா எனக்குன்னு எடுத்து வெச்ச மொத சாமான்னு."

மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றது. கணவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் படித்தாள்.

"இவன் திருடிட்டான்னு நெனச்சுத்தான் இந்த ஓட்டம் ஓடி வந்தீங்களா?"

அவர் சைக்கிள் சாவியைச் சட்டைப்பையில் தேடினார்.

"கொடையக் கூட இவன் தலையிலதான் கட்டுனீங்க. அது உங்க ஆபீஸ்ல ஆணியில தொங்குதுன்னு போன மாசம் நான்தான் பாத்தேன். சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

நகவெட்டியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே யோசித்தார். அவருக்கு எதையும் எண் போட்டு யோசித்தால்தான் வரும். ஒன்று: துண்டு கெட்டுவிட்டது, கெடுத்தது தான். இரண்டு: இது தன்னையும் மச்சினனையும் தவிர யாருக்கும் தெரியாது, மனைவிக்குத் தெரியும், ஆக மூன்று பேர். மூன்று: இரண்டாவது வரிசைக்குச் சீசாக்களை மாற்றி அடுக்கப்போவதும் தான்தான். நான்காம் சீசாவுக்குப் பதில் அலமாரியிலிருந்து வாடை மங்கிப்போன ஒன்றை எடுத்து வைத்தால் போதும். பொண்ணு எங்கேயும் உட்காராமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்கும். 'முடிவு தெளிவில்லை' என்று நாலு வார்த்தை எழுதினால் விஷயம் முடிந்தது. யார் மேலும் பழி இல்லை. எவ்வளவு சுத்தமான திட்டம்! தன் மூளை இவ்வளவு வேகமாக ஓடும் என்று அவருக்கே தெரியாது. அதில் ஒரே ஓட்டை: தெளிவில்லை என்றால் தலைமையாசிரியர் தெளிவாக இருப்பார். வெள்ளிக்கிழமை அந்த அறை காலியாகிவிடும்.

அதைப் பற்றி நினைக்காமல் இருக்க இன்னும் வேகமாக மிதித்தார்.

காப்பறை வாசலில் வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார். கதவுக்கு ரொம்பக் கிட்டே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"என்ன பண்றீங்க இங்க?"

"படிச்சிக்கிட்டு இருந்தேன் சார். நீங்க எழுதுனதா?"

"ஆமா."

"முப்பத்தொண்ணையும் படிச்சிட்டேன். உக்காந்திருக்கறதுக்கு வேற வேலையும் இல்ல." அவர் கொஞ்சம் தயங்கினார். "காலையில பயமாத்தான் இருந்துச்சு. நாய் வாயில்லா ஜீவன், அது எதையாவது காட்டிட்டா நாம என்னத்தப் பேசறதுன்னு. இதப் படிச்சப்புறம் ஒரு தைரியம். இவ்ளோ பாத்துப்பாத்துச் செய்யற எடத்துல தப்பு நடக்காது சார்."

பத்து வருஷமாக அந்தத் தாள் கதவில் இருக்கிறது. அலுவலகத்தில் ஒருத்தரும் நாலாவது விதியைத் தாண்டியதில்லை. கடைசிவரை படித்த முதல் வாசகர் இப்படி வந்து நிற்க வேண்டுமா என்று சீசா சார் யாரிடமென்று இல்லாமல் நொந்துகொண்டார். கையில் இருந்த சாவிக்கொத்தைப் பூட்டில் நுழைத்தார். பிறகு வெளியே எடுத்தார்.

"என்னோட வாங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். இருபத்திரண்டாம் விதியை வளைத்ததிலிருந்து ஆரம்பித்தார். தட்டில் ஆறவிட்டது, மச்சினன் வந்தது, தான் வெளியே போனது, துண்டு ஈரமாக இருந்ததைப் பார்த்துத் தான் பாராட்டி எழுதியது என்று ஒன்றையும் விடவில்லை. ஒழுங்காகச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இத மூணு வரியில சொல்லியிருக்கலாம்."

"மூணு வரியில சொன்னா முழுசா வராது மேடம்."

"மொத்தத்துல, சம்பவ எடத்துல கெடச்ச ஒரே பொருளால உங்க மச்சினன் மூஞ்சியத் தொடச்சிட்டீங்க."

"நான் தொடைக்கல மேடம். அவன்தான்..."

"நீங்க வெளிய நின்னு நேரம் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா மேடம்."

நாய்க்காரருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எம்பொண்ணு கரெக்டாத்தான் உக்காந்திருக்கா! அந்தத் துண்டுல கடைசியா மொகத்தத் தொடச்சவன கண்டுபுடிச்சிட்டா பாருங்க. இந்த ஆபீஸ்ல வேலைய ஒழுங்காச் செஞ்சது இவ ஒருத்திதான்."

பொண்ணு வாலை ஆட்டியது.

"வரிசை ரத்து" என்றார் இன்ஸ்பெக்டர். "துண்ட வெச்சு இனிமே யாரையும் புடிக்க முடியாது. சீசா சார், உங்க மேல விசாரணை வரும். எழுதித் தயாரா வெச்சுக்குங்க, உங்களுக்கு அதுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல." பிறகு வாட்ச்மேனைப் பார்த்தார். "உங்க மேல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க போகலாம். தலைமையாசிரியருக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்."

வாட்ச்மேன் நகரவில்லை.

"போன்ல சொன்னா கேட்டுக்குவாரும்மா. அப்புறம் 'எனக்குச் சரியாக் கேக்கல'ம்பாரு. எழுத்துல குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

இன்ஸ்பெக்டர் சீசா சாரைக் கண்ணால் காட்டினார். எழுதுவது என்றால் அவருக்குக் கை துறுதுறுக்கும். தன் மேசைக்கு வந்து, வெள்ளைத்தாள் எடுத்து, ஓரம் விட்டு மடித்து, தேதி போட்டு, 'பெறுநர்' என்று ஆரம்பித்தார். வாட்ச்மேன் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நான் எடுக்கலன்னு எழுதுங்க சார்."

பேனா நின்றது. "அப்படி எழுத முடியாது."

"ஏன்?"

"நீங்க எடுத்தீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாதே. அந்தத் துண்டுல யாரோட வாடை இருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழி இருந்துச்சு, அத நான் கெடுத்துட்டேன்."

வாட்ச்மேன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவாரென்று சீசா சார் எதிர்பார்த்தார். பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் எடுக்கல" என்றார் வாட்ச்மேன் மெதுவாக. "உங்களுக்குச் சொல்றேன். எழுத வேணாம்."

"சரி" என்றார் சீசா சார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நான் நம்பறேன்" என்றார். மச்சினனை நம்பாமல் போன நாளிலேயே இதைச் சொல்கிறோமே என்று காது சூடாயிற்று.

எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. உரக்கப் படித்துக் காட்டினார். இந்தப் பரிசோதனை செல்லாது. வாட்ச்மேனுக்கு எதிராக இந்த அலுவலகத்தில் எந்தச் சான்றும் இல்லை. எனவே இதைக் காரணமாகக் காட்டி அவரை வேலையிலிருந்தோ குடியிருப்பிலிருந்தோ நீக்குவதற்கு இடமில்லை. பரிசோதனை கெட்டதற்கு அவர் எந்த வகையிலும் பொறுப்பல்ல. தவறு செய்தது நான்.

வாட்ச்மேன் தாளை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது நல்லாருக்கு சார். ஆனா இது அடியில போயிடுச்சே. எங்க தலைமையாசிரியர் எதையும் மேல ரெண்டு வரிக்கு மேல படிக்க மாட்டாரு."

"மேல போடணுமா?"

"மேல போட்டா நல்லது. கொஞ்சம் பெருசாவும் போட்டீங்கன்னா... கண்ணாடிய எப்பவும் வீட்டுலயே வெச்சிட்டு வந்துடுவாரு."

சீசா சார் புதுத் தாள் எடுத்தார். அளவுகோலை வைத்துப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார். பள்ளிக்கூடத்தில் அட்டைக்குத் தலைப்பு எழுதியதுபோல், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக 'தவறு செய்தது நான்' என்று எழுதி, தாளை உயர்த்திப் பிடித்தார்.

வாட்ச்மேன் எழுந்து கதவுவரை பின்னால் நடந்துபோய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா, சார்."